இழுத்தடித்ததாக நடுவர் தீர்ப்பளித்தால் எதை வைத்து மறுப்பது?

கேள்வி இது. நீங்கள் இணையத்தில் யூகியோ கார்டு விளையாட்டு ஆடுகிறீர்கள். அந்தத் தளத்தில் கணினி எதையும் தானாகச் செய்வதில்லை. கார்டை எடுப்பது, வைப்பது, உயிர்ப்புள்ளியைக் கழிப்பது எல்லாம் ஆடுபவர்களே செய்ய வேண்டும். தகராறு வந்தால் நடுவரை அழைக்கலாம். தரவரிசைப் போட்டி ஒன்றில் முதல் ஆட்டத்தை நீங்களும் இரண்டாவதை எதிராளியும் வென்றிருந்தீர்கள். மூன்றாவதில் நீங்கள் பின்தங்கியிருந்தபோது எதிராளி நடுவரை அழைத்தார். நடுவர் வந்தார், சிறிது நேரம் பார்த்தார், நீங்கள் வேண்டுமென்றே நேரத்தை இழுத்தடிப்பதாகச் சொல்லி ஆட்டத்தை எதிராளிக்குக் கொடுத்துவிட்டார். உங்கள் கணக்கிலும் அது பதிவாகிவிட்டது. ‘நான் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன், இதை எப்படி எதிர்ப்பது?’ என்று கேட்கிறீர்கள்.

எதிர்க்கலாம். உங்கள் பக்கம் உண்மை இருந்தால் எதிர்க்கவும் வேண்டும். ஏனென்றால் இந்தக் குற்றச்சாட்டு உங்கள் ஆட்டத்திறனைப் பற்றியது அல்ல, நேர்மையைப் பற்றியது. ஆனால் ‘நான் யோசித்தேன்’ என்ற ஒரு வரியை மட்டும் எழுதி அனுப்பினால் மேல்முறையீடு அன்றே தள்ளுபடியாகும். உண்மையில் இழுத்தடிப்பவரும் அதே வரியைத்தான் எழுதுவார். நடுவர்களின் தலைவர் படிக்கும் முறையீடுகளில் பாதி அப்படித்தான் தொடங்கும். நீங்கள் காட்ட வேண்டியது வேறு: ஆட்டம் உங்களுக்குச் சாதகமாக இருந்தபோதும் பாதகமாக இருந்தபோதும் உங்கள் வேகம் ஒன்றாகவே இருந்தது என்பதைக் காட்ட வேண்டும். அதை எப்படிக் காட்டுவது என்பதுதான் இந்தப் பதிலின் பெரும்பகுதி.

முதலில் குற்றத்தின் இலக்கணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கார்டு விளையாட்டு உலகில் நேரம் தொடர்பாக இரண்டு தவறுகள் உண்டு. கேள்விப்படுபவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொள்வது. அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. மற்றொன்று, நேரத்தால் ஆதாயம் கிடைக்கும் என்று தெரிந்தே மெதுவாக ஆடுவது. மேஜிக் த கேதரிங் என்ற இன்னொரு கார்டு விளையாட்டின் தண்டனை வழிகாட்டி இதை மிகத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் தவறுக்கு அங்கே வழக்கமான தண்டனை வெறும் எச்சரிக்கை; கூடவே, இழந்த நேரத்துக்கு ஈடாக முடிவில் சில கூடுதல் டர்ன்கள் (ஒருவர் ஆடும் முறைகள்) தரப்படும். இரண்டாவதற்குத் தண்டனை போட்டியிலிருந்தே வெளியேற்றம். யூகியோவை நடத்தும் கோனாமி நிறுவனத்தின் அதிகாரபூர்வப் போட்டிகளிலும் இதே பிரிவினைதான்: மெதுவாக ஆடுவது சிறு தவறு, வேண்டுமென்றே மெதுவாக ஆடுவது ஏமாற்று வேலை.

எச்சரிக்கைக்கும் வெளியேற்றத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கடிகாரத்தில் இரண்டும் ஒரே அளவு நிமிடங்களாக இருக்கலாம். வேறுபாடு முழுவதும் எண்ணத்தில் இருக்கிறது. ஆகவே உங்கள் மீதான தீர்ப்பு சரியா தவறா என்பதும் அந்த ஒரு கேள்வியைப் பொறுத்ததுதான்.

உங்களுக்குக் கிடைத்ததோ இரண்டுக்கும் இடைப்பட்ட தண்டனை: ஓர் ஆட்டத் தோல்வி. இதனால்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எந்த விதியின்படி?’ என்பது. நீங்கள் ஆடும் தளம் ரசிகர்கள் நடத்துவது. அங்கே கோனாமியின் விதிநூல் நேரடியாகச் செல்லாது, தளத்தின் சொந்த விதிகள்தான் செல்லும். 2016இல் மூடப்பட்ட டூயலிங் நெட்வொர்க் என்ற யூகியோ தளத்தின் காலத்திலிருந்தே இப்படிப்பட்ட தளங்களுக்கெனத் தனி நடுவர்களும் தனி நடைமுறையும் இருந்துவருகின்றன. தளத்தின் விதிப்பக்கத்தை எடுத்து, நேரம் பற்றிய பத்தியைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். ‘முதல் முறை எச்சரித்த பிறகே ஆட்டத் தோல்வி’ என்று அங்கே இருந்து, நடுவர் எச்சரிக்காமலே தோல்வி கொடுத்திருந்தால், உங்கள் மேல்முறையீட்டில் பாதி வேலை முடிந்தது. எண்ணத்தைப் பற்றிய விவாதத்துக்கே போக வேண்டாம். நடைமுறை மீறல் என்ற ஒரே காரணம் போதும். மாறாக, ‘நடுவர் தம் முடிவின்படி உடனடித் தோல்வி வழங்கலாம்’ என்று இருந்தால், அந்த வாசலை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அடுத்தது, எண்ணத்தை நடுவர் எப்படி ஊகிக்கிறார் என்பது. அவரால் உங்கள் மனத்துக்குள் எட்டிப்பார்க்க முடியாது; சூழ்நிலையைத்தான் பார்ப்பார். மேஜிக் வழிகாட்டி தரும் உதாரணங்கள் இங்கே மிகவும் பயன்படும், ஏனென்றால் எல்லா விளையாட்டு நடுவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் சிந்திக்கிறார்கள். கையில் இரண்டு நிலக் கார்டுகள் (மற்ற கார்டுகளைப் போட வளம் தருபவை) மட்டும் வைத்துக்கொண்டு, ஆட்டத்தை மாற்றும் வழி எதுவும் இல்லாத நிலையில், நெடுநேரம் ‘யோசிப்பவர்’ ஓர் உதாரணம். முன்னிலையில் இருந்துகொண்டு, எதிராளி எட்டிப்பிடிக்க முடியாதபடி தம் வேகத்தைத் திடீரெனக் குறைப்பவர் இன்னொன்று. மூன்றாவது உதாரணத்தை நீங்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: மெதுவாக ஆடியதற்காக எச்சரிக்கப்பட்டவர், யோசிக்கக் கூடுதல் நேரம் கிடைக்கட்டும் என்பதற்காகவே அந்த எச்சரிக்கையை எதிர்த்து மேல்முறையீடு செய்வது. அதுவும் இழுத்தடிப்புதான். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே நடுவரிடம் நீட்டி முழக்கி வாதாடினால் குற்றச்சாட்டுக்கு நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும்.

இந்த உதாரணங்களில் இரண்டு சங்கதிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முடிவெடுக்க வேண்டிய விஷயம் ஏதேனும் இருந்ததா? வேகம் மாறியதா? நடுவர் கேட்பது இந்த இரண்டும்தான். நீங்கள் பதில் சொல்ல வேண்டியதும் இந்த இரண்டுக்கும்தான்.

இங்கே பலர் சொல்லும் ஒரு வாதத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறேன். ‘நேர் போட்டியில் சுற்றுக்கு நேரக்கெடு உண்டு, இழுத்தடித்தால் லாபம். என் தளத்தில் நேரக்கெடுவே இல்லையே, இழுத்தடித்து எனக்கு என்ன கிடைக்கும்?’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நேரக்கெடு இல்லாத இடத்தில் எதிராளியின் பொறுமைதான் நேரக்கெடு. அவர் சலித்துப்போய் வெளியேறினால் வெற்றியும் தரவரிசைப் புள்ளியும் உங்களுக்கு. தோற்கப்போகும் நிலையில் இருப்பவர் இதைத்தான் செய்வார் என்பது நடுவர்களுக்கு அன்றாட அனுபவம். எனவே இந்த வாதம் உங்களைக் காப்பாற்றாது; விதி தெரியாதவர் என்ற எண்ணத்தைத்தான் ஏற்படுத்தும்.

மேஜிக்கின் இணைய வடிவமான மேஜிக் ஆன்லைனில் இந்தச் சிக்கலே எழாது. அங்கே சதுரங்கக் கடிகாரம்போல ஒவ்வொருவருக்கும் தனி நேரம் ஓடுகிறது. யோசித்தால் உங்கள் நேரம்தான் கரையும், தீர்ந்தால் நீங்கள்தான் தோற்பீர்கள். கோனாமியின் யூகியோ கணினி விளையாட்டான மாஸ்டர் டூயலிலும் கணினியே நேரத்தைக் கணக்கிடுகிறது. இணையத்தில் எண்ணத்தை மனிதர் ஒருவர் எடைபோட வேண்டிய அவசியம், கையால் ஆடும் தளங்களிலும் 2020இல் கோனாமி தொடங்கிய ரிமோட் டூயல் போன்ற வெப்கேம் போட்டிகளிலும்தான் மிஞ்சியிருக்கிறது. மனிதர் எடைபோடும்போது தவறும் நேரலாம். அதனால்தான் மேல்முறையீடு என்று ஒரு வழியே வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஆதாரத்துக்கு வருவோம். ஆட்டத்தின் ரீப்ளேயைத் திறந்து, பதிவேட்டில் உள்ள நேரக்குறிப்புகளைப் பாருங்கள். ஒரு தாளில் மூன்று நிரல்களாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை நொடி இடைவெளி, அப்போது களத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது, உங்கள் கையில் என்ன இருந்தது. முப்பது நொடிக்கு மேற்பட்ட எல்லா இடைவெளிகளையும் எழுதுங்கள். முக்கியமாக, மூன்றாவது ஆட்டத்தை மட்டுமல்லாமல் மூன்று ஆட்டங்களையும் எழுத வேண்டும்.

கற்பனையான ஒரு பதிவேட்டை வைத்து விளக்குகிறேன். மூன்றாவது ஆட்டத்தில் எதிராளி தம் டர்னில் ஐந்தாவது அசுரன் கார்டைக் களத்தில் இறக்குகிறார். நீங்கள் பதில் சொல்ல நூற்றுப்பத்து நொடி ஆகிறது. உங்கள் கையில் நிபிரு என்ற கார்டு இருந்தது. ஒரே டர்னில் எதிராளி ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட அசுரர்களை இறக்கியிருந்தால் மட்டுமே இதைப் பயன்படுத்த முடியும். பயன்படுத்தினால் களத்தில் முகம் தெரிய நிற்கும் அசுரர்கள் அத்தனை பேரும் பலியாவார்கள், அவர்களின் பலத்தையெல்லாம் கூட்டிக்கொண்ட ஒரு டோக்கன் (அசுரனாகக் கருதப்படும் அடையாளம்) எதிராளி பக்கம் வந்து நிற்கும். இப்போதே போடுவதா, ஆறாவதும் ஏழாவதும் வரும்வரை பொறுப்பதா? பொறுத்தால் அதற்குள் உங்கள் கார்டின் விளைவை ரத்து செய்யும் அசுரன் ஒன்று வந்துவிடலாம். இப்போதே போட்டால், எதிராளியின் கையில் மிச்சமிருக்கும் கார்டுகளால் அவர் மீண்டும் எழுந்துவிடலாம். பெரிய டோக்கனை உங்களால் அடுத்த டர்னில் தாண்ட முடியுமா என்பதும் கணக்கு. யூகியோ ஆடத் தெரிந்த எந்த நடுவரும் இந்த இடத்தில் நூற்றுப்பத்து நொடி யோசித்ததைக் குற்றம் என்று சொல்லமாட்டார், உங்கள் கையில் நிபிரு இருந்தது அவருக்குத் தெரிந்திருந்தால். அழைப்பின்பேரில் நடுவில் வந்தவருக்கு அது தெரியாமலே போயிருக்கலாம். தலைமை நடுவருக்கு நீங்கள் தெரிவிக்க வேண்டிய முதல் உண்மை இதுதான்.

அதே டர்னின் தொடக்கத்தில் எதிராளி டெக்கிலிருந்து (தம் கார்டுக் கட்டிலிருந்து) ஒரு கார்டைத் தேடி எடுக்கும் விளைவைத் தொடங்குகிறார். உங்களிடம் அதை மறிக்கும் ஆஷ் பிளாசம் என்ற கார்டு இருக்கிறது. நாற்பது நொடி எடுக்கிறீர்கள். ஆஷ் ஒரு டர்னில் ஒருமுறைதான். இந்தத் தேடலை மறிப்பதா, இதைவிட முக்கியமான அடுத்த தேடலுக்காக வைத்திருப்பதா என்பது இந்த விளையாட்டின் மிகப் பழக்கமான தலைவலி. நாற்பது நொடி இயல்பானது.

பிறகு உங்கள் டர்ன். ஒரு கார்டு எடுக்கிறீர்கள். கையில் இரண்டு கார்டுகள், இரண்டும் அந்த நிலையில் பயன்படாதவை. எதிராளி அடுத்த டர்னில் உங்களை முடித்துவிடுவார். நூற்றைம்பது நொடி எதுவும் நடக்கவில்லை.

தீர்ப்பு நின்றது இந்த நூற்றைம்பது நொடியின் மேல்தான். நடுவர் பார்த்ததும் பெரும்பாலும் இதைத்தான். மேஜிக் வழிகாட்டியின் இரண்டு நிலக் கார்டு உதாரணமும் இதுவேதான். இதற்கு உண்மையான காரணம் உங்களிடம் இருக்கிறதா? எதிராளியின் கல்லறையில் (பயன்படுத்தி முடித்த கார்டுகள் சேரும் இடத்தில்) குவிந்த கார்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தீர்களா? அவர் வைத்த புதிய கார்டின் நீண்ட விளக்கத்தைப் படித்தீர்களா? ரீப்ளேயில் அது தெரியாது. ஆனால் அரட்டைப் பெட்டியில் ‘படிக்கிறேன்’ என்று ஒரு சொல் எழுதியிருந்தால் அதுவே சாட்சி. காரணம் எதுவும் இல்லையென்றால், அந்த ஓர் இடைவெளி தேவையற்றது என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்வது உங்களைப் பலவீனப்படுத்தாது. ‘இது எச்சரிக்கைக்குரிய தாமதம், ஆட்டத் தோல்விக்குரிய இழுத்தடிப்பு அல்ல’ என்ற நிலைக்கு வாதத்தைக் கொண்டுவர அதுதான் வழி. எல்லா இடைவெளிகளையும் நியாயப்படுத்துபவரை யாரும் நம்புவதில்லை.

இனிதான் பலமான பகுதி. நீங்கள் வென்ற முதல் ஆட்டத்துக்குப் போங்கள். அங்கே உங்கள் நிலை வலுவாக இருந்தபோது எத்தனை நொடி எடுத்தீர்கள்? எதிராளியின் களம் காலியாக இருந்து, உங்கள் வெற்றி உறுதியாகிவிட்ட டர்னிலும் தொண்ணூறு நொடி எடுத்திருக்கிறீர்கள் என்றால், அந்த வரியை வட்டமிடுங்கள். வெல்லும் நிலையில் இருப்பவருக்கு நேரத்தை வீணாக்குவதால் எந்தப் பயனும் இல்லை. அங்கும் நீங்கள் மெதுவாகவே ஆடினீர்கள் என்றால், நீங்கள் இயல்பிலேயே மெதுவாக ஆடுபவர். மூன்றாவது ஆட்டத்தில் புதிதாக எந்த உத்தியும் கையாளவில்லை. எண்ணத்தை மறுக்க இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரிந்து கிடையாது. அது உங்கள் வாக்குமூலம் அல்ல. தளமே எழுதிவைத்த பதிவு.

இந்த ஆதாரம் எதிர்த்திசையிலும் வெட்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் ஆட்டத்தில் சராசரியாகப் பத்து நொடியில் ஆடியவர், மூன்றாவது ஆட்டத்தில் தோல்வி நெருங்கியதும் நூறு நொடிக்குப் போயிருந்தால், பதிவேடு நடுவரின் பக்கம் நிற்கிறது. அப்படியென்றால் மேல்முறையீடு செய்ய வேண்டாம். தண்டனையை ஏற்றுக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போவதுதான் நேர்மையானது.

‘நிலைமை சிக்கலாக இருந்தது’ என்பதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். நிலைமை எவ்வளவு சிக்கலானதாக இருந்தாலும் உரிய வேகத்தில் ஆட வேண்டும் என்பது மேஜிக்கின் போட்டி விதி. இதற்கு அந்த உலகில் பெயர்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. ஃபோர் ஹார்ஸ்மென் என்ற டெக், ஒரு சுழற்சியை மீண்டும் மீண்டும் ஓட்டி, தன் டெக்கையே கல்லறைக்கு அனுப்பி, தேவையான வரிசை அமையும்வரை காத்திருக்கும். நடுவில் எம்ராகுல் என்ற கார்டு கல்லறைக்குப் போனால் எல்லாம் மறுபடி டெக்குக்குத் திரும்பிக் கலைந்துவிடும். கணித ரீதியில் வெற்றி நிச்சயம் போலத் தோன்றும். ஆனால் எத்தனை சுற்றில் முடியும் என்று ஆடுபவரால் சொல்ல முடியாது. சொல்ல முடியாத சுழற்சியைத் தொடர்ந்து ஓட்டுவதே தாமதக் குற்றம் என்பது விதி. அந்த டெக்கை ஆடுபவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் எச்சரிக்கை உண்டு. சிக்கல் என்பது எண்ணம் இல்லை என்று காட்ட உதவும். தாமதமே இல்லை என்று காட்ட உதவாது.

இழுத்தடிப்பே அல்லாத சிலவற்றையும் எதிராளிகள் இழுத்தடிப்பு என்று புகார் செய்கிறார்கள். தோற்கும் நிலையிலும் சரணடையாமல் கடைசிவரை ஆடுவது உங்கள் உரிமை. உரிய வேகத்தில் ஆடும்வரை அதில் ஒரு குற்றமும் கிடையாது. யூகியோவின் ஃபைனல் கவுன்ட்டவுன் என்ற கார்டை வைத்து ஆடும் டெக்கும் அப்படித்தான். இரண்டாயிரம் உயிர்ப்புள்ளியைக் கொடுத்து அந்தக் கார்டைப் போட்டு, இருபது டர்ன் தாக்குப்பிடித்தால் வெற்றி. எதிராளியைத் தாக்கவிடாமல் டர்ன்களைக் கடத்துவதுதான் அதன் உத்தியே. அவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் டர்ன்களைக் கடத்துவது வேறு, நிமிடங்களைக் கடத்துவது வேறு. உங்கள் மீதான புகார் இப்படிப்பட்டதாக இருந்து, நடுவரும் அதை ஏற்றுக்கொண்டிருந்தால், மேல்முறையீட்டின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

தாமதத்துக்குக் காரணம் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டதாக இருந்தால் அதைத் தனியாகக் கையாள வேண்டும். துண்டிப்பும் மீள்நுழைவும் பெரும்பாலும் பதிவேட்டில் தெரியும். தெரிந்தால் அந்த வரிகளைக் குறிப்பிடுங்கள். மின்சாரம் போய், மொபைல் டேட்டாவுக்கு மாறித் திரும்பி வந்தவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நமக்குத் தெரியும். வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் எதிராளிக்கும் நடுவருக்கும் தெரியாது. திரும்பி வந்தவுடன் ‘மின்தடை, இப்போது வந்துவிட்டேன்’ என்று எழுதியிருந்தீர்களா என்பதுதான் கேள்வி. எழுதாமல் விட்டு, தீர்ப்புக்குப் பிறகு சொல்லும் மின்தடையை யாரும் நம்பமாட்டார்கள்.

அரட்டைப் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடுவர் முதலில் படிப்பது அதைத்தான். ‘சீக்கிரம் ஆடுங்கள்’ என்று எதிராளி கேட்டபோது என்ன பதில் சொன்னீர்கள்? ‘எனக்கு நேரம் நிறைய இருக்கிறது’ என்று எழுதியிருந்தால், அந்த ஒரு வரி மேலே சொன்ன அத்தனை நேரக்குறிப்புகளையும் வீழ்த்திவிடும். அது விளையாட்டாகச் சொன்னதாக இருந்தாலும், எண்ணம் வாயால் வெளிப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். எதுவும் பதில் சொல்லாமல் மௌனமாக இருந்திருந்தாலும் சற்று நட்டம்தான். அப்படிப்பட்ட வரி இருந்தால் மறைக்காதீர்கள். தலைமை நடுவர் எப்படியும் பார்ப்பார்; நீங்களே எடுத்துச் சொல்லி, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று விளக்கிவிடுவது நல்லது.

யாரிடம், எப்போது? மேஜிக்கின் நேர் போட்டிகளில் ஒழுங்கு இது: கள நடுவர் தம் தீர்ப்பை முழுவதும் சொல்லி முடிக்க வேண்டும், அதன் பிறகுதான் தலைமை நடுவரிடம் முறையிடலாம், தலைமை நடுவர் சொல்வதே இறுதி. இணையத் தளங்களிலும் இதே படிநிலையைப் பின்பற்றுங்கள். தீர்ப்பு சொன்ன நடுவருக்கே தனிச்செய்தி அனுப்பிச் சண்டை போடாதீர்கள். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்த விதி, எந்த இடைவெளி. அவர் சொல்லும் பதிலைச் சேமித்துக்கொண்டு, தளம் குறித்திருக்கும் வழியில் மேலே செல்லுங்கள். ரீப்ளேக்கள் எல்லாத் தளங்களிலும் என்றென்றைக்கும் இருப்பதில்லை. முதல் நாளே ரீப்ளேயின் இணைப்பை எடுத்து வையுங்கள், நேரக்குறிப்புகளுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எழுதுவதை மட்டும் மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். கோபம் ஆறாமல் எழுதிய முறையீட்டில் நடுவரைப் பற்றி நான்கு வரி வந்துவிடும், இடைவெளிகளைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. எதிராளியை வம்புக்கு இழுப்பதும் வேண்டாம், வேறு கணக்கு தொடங்கி ஆடுவதும் வேண்டாம். இரண்டும் பல தளங்களில் தனிக் குற்றங்கள், தொடங்கிய வழக்கைவிடப் பெரியதாகிவிடும்.

முறையீட்டை ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியிருக்கலாம். எந்த மொழியானாலும் உள்ளடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

‘இந்தப் போட்டியின் மூன்றாவது ஆட்டத்தில் இழுத்தடிப்புக்காக எனக்கு ஆட்டத் தோல்வி வழங்கப்பட்டது. மறுபரிசீலனை கோருகிறேன். ரீப்ளேயின் இணைப்பு கீழே உள்ளது. தீர்ப்புக்கு முன் எனக்கு எச்சரிக்கை தரப்படவில்லை. எதிராளி ஐந்தாவது அசுரனை இறக்கியபோது நான் எடுத்த 110 நொடியில், நிபிருவை உடனே பயன்படுத்துவதா காத்திருப்பதா என்று முடிவெடுத்துக்கொண்டிருந்தேன். கார்டு என் கையில் இருந்ததை ரீப்ளேயில் காணலாம். என் டர்னில் எடுத்த 150 நொடி தேவைக்கு அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் வென்ற முதல் ஆட்டத்திலும் என் வேகம் இதே அளவில் இருந்தது. அதற்கான நேரக்குறிப்புகளை இணைத்திருக்கிறேன். இதை வேண்டுமென்றே செய்த இழுத்தடிப்பாக அல்லாமல், தாமதத்துக்கான எச்சரிக்கையாக மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

இவ்வளவு போதும். இதில் நடுவரைப் பற்றி ஒரு சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். நடுவருக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நீங்கள் சொன்னால், உங்கள் மீது அவர் சொன்ன அதே வகைக் குற்றச்சாட்டை நீங்கள் அவர் மீது, ஆதாரமில்லாமல், சொல்கிறீர்கள். அவர் பாதியில் வந்தவர். உங்கள் கையைப் பார்த்தாரா என்பதே நிச்சயமில்லை. காத்திருக்கும் இன்னும் பல அழைப்புகளுக்கு நடுவே சில நிமிடங்களில் முடிவெடுத்தவர். பெரும்பாலும் சம்பளம் இல்லாத தன்னார்வலர். அவர் பார்க்காத ஒன்றைத் தலைமை நடுவருக்குக் காட்டுவதுதான் மேல்முறையீடு.

என்ன கேட்பது என்பதிலும் அளவு தெரிய வேண்டும். முடிந்துபோன போட்டியின் முடிவை மாற்றித் தருவது அரிது. எதிராளி அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டார், புள்ளிகள் நகர்ந்துவிட்டன, நின்ற இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடரவும் வழியில்லை. நீங்கள் அந்த ஆட்டத்தில் தோற்கும் நிலையில்தான் இருந்தீர்கள் என்றால், புள்ளிகளைத் திருப்பிக் கேட்பது உங்கள் முறையீட்டின் நம்பகத்தன்மையையே குறைக்கும். கேட்க வேண்டியது கணக்கில் பதிவான அந்தக் குறிப்பை மாற்றுவது. ‘இழுத்தடித்தார்’ என்ற பதிவு உங்கள் பெயரில் இருந்தால், அடுத்த முறை ஒரு எதிராளி நடுவரை அழைக்கும்போது அந்த நடுவர் பழைய பதிவைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டத்துக்குள் நுழைவார். கணக்கை முடக்கும் தண்டனைகள் பல இடங்களில் இப்படிப்பட்ட பதிவுகளை எண்ணித்தான் முடிவாகின்றன. உண்மையில் உங்களுக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது, போன புள்ளிகளில் இல்லை.

முறையீடு தள்ளுபடியானால் காரணம் கேட்டு ஒரே ஒரு செய்தி அனுப்பலாம். புதிய ஆதாரம் கிடைத்தாலொழிய மீண்டும் மீண்டும் எழுதாதீர்கள்.

இனி ஆடும்போது சில பழக்கங்கள் உங்களுக்கு உதவும். தளத்தில் ‘யோசிக்கிறேன்’ என்று காட்டும் பொத்தான் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அரட்டையில் எழுதுங்கள். எதிராளி புதிய கார்டு போட்டால் ‘படிக்கிறேன்’ என்று தெரிவியுங்கள். அவருடைய டர்ன் நடக்கும்போதே உங்கள் டர்னைத் திட்டமிடுங்கள். நிபிருவோ ஆஷோ கையில் இருந்தால், எந்த இடத்தில் போடுவது என்பதை அவர் மூன்றாவது அசுரனை இறக்கும்போதே யோசிக்கத் தொடங்கலாம். எதிராளிதான் இழுத்தடிக்கிறார் என்று தோன்றினாலும் இதே முறைதான்: அரட்டையில் ஒருமுறை மரியாதையாகக் கேளுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு நடுவரை அழையுங்கள். வந்தவரிடம் ‘இவர் ஏமாற்றுகிறார்’ என்று சொல்லாமல், ‘இந்த நேரத்திலிருந்து இந்த நேரம்வரை எதுவும் நடக்கவில்லை, சற்றுப் பாருங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள்.